தலைப்பை மறைத்துவிட்டுக் கணக்கு போடுங்கள்

வியாசர்பாடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில்தான் பிளஸ் டூ கணக்கு டியூஷன். அரையாண்டு முடிந்த அன்று ஒரு பெண் ரஃப் நோட்டை என் முன்னால் வைத்தாள். ஒரே பயிற்சியிலிருந்து வரிசையாக நாற்பது தொகையிடல், அத்தனையும் சரி. "இவ்ளோ போட்டும், ஹால்ல எதுக்கு எந்த மெத்தட்னே தெரியல மிஸ்" என்றாள்.

உழைப்பில் குறை சொல்ல முடியாது. கணக்கு எடுத்த விதம்தான் தப்பு. 'பிரதியிடல் முறை' என்று மேலே அச்சடித்திருந்தால் பாதி வேலையை அந்தத் தலைப்பே முடித்துவிடுகிறது, பொதுத்தேர்வுத் தாளில் அந்த உதவி கிடையாது. எக்ஸ் பெருக்கல் காஸ் எக்ஸ், எக்ஸ் பெருக்கல் காஸ் எக்ஸ் ஸ்கொயர், ரெண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். முதலாவதுக்குப் பகுதித் தொகையிடல் வேண்டும், அடுத்தது எக்ஸ் ஸ்கொயரை யு என்று வைத்தால் ரெண்டே வரி.

அதனால் நான் செய்யச் சொல்வது இதுதான். புத்தகத்தில் 7-லிருந்து 10 வரை நாலு பாடமும் நுண்கணிதம். ஒவ்வொரு பயிற்சியிலும் ரெண்டு மூன்று கணக்கைச் சீட்டில் எழுதி, பிஸ்கட் டப்பாவில் போட்டு, ஏலச்சீட்டு குலுக்குவது போலக் குலுக்கி எடுங்கள். உடனே போட உட்காராதீர்கள், எந்த முறை, ஏன் என்று மட்டும் வாய்விட்டுச் சொல்லுங்கள். எதில் திணறுகிறீர்களோ அதுதான் நீங்கள் உட்கார்ந்து போட வேண்டிய கணக்கு.

டப்பாவில் வம்பு பிடித்த கணக்குகளும் இருக்கட்டும். மேலே காஸ் எக்ஸ், கீழே எக்ஸ் கூட்டல் 1, எக்ஸ் பூஜ்யத்தை நெருங்குகிறது. நேராகப் பிரதியிட்டால் விடை 1. 0/0 போல மாட்டிக்கொள்ளும்போது மட்டும் மேலேயும் கீழேயும் தனித்தனியாக வகையிடச் சொல்வது லோபிதால் விதி; பழக்க தோஷத்தில் அதை இங்கே போட்டவர்களுக்கு 0 வரும்! அதே மாதிரி, சைன் எக்ஸை 0 முதல் 2 பை வரை அப்படியே தொகையிட்டால் அச்சுக்கு மேலே இருப்பதும் கீழே இருப்பதும் கழிந்து 0, பரப்பு கேட்டால் 4.

எண்ணூர் துறைமுகத்துப் பக்கம் கன்வேயர் பெல்ட்டில் நிலக்கரி போவதைப் பார்த்திருப்பீர்கள். நிமிடத்துக்கு 30 கன மீட்டர் கூம்பாகக் குவிகிறது, அடி விட்டமும் உயரமும் எப்போதும் சமம் என்று வையுங்கள், உயரம் 10 மீட்டராகும்போது என்ன வேகத்தில் ஏறும்? நிமிடத்துக்குச் சுமார் 0.38 மீட்டர். ஆனால் என்னிடம் படிக்கிறவர்களில் பாதிப் பேர் வகையிடுவதற்கு முன்பே 10-ஐப் போட்டுவிட்டு, மாறிலியின் வகைக்கெழு பூஜ்யமாச்சே என்று முழிப்பார்கள். இப்படி ஒன்றில் மாட்டிக்கொண்டு வெளியே வருவது, சுலபமான பத்து போடுவதைவிட மேல்.

3 மணி நேரம், 90 மதிப்பெண். அப்படியென்றால் ஐந்து மார்க் கணக்குக்குப் பத்து நிமிடம். அதுவரை கைடைத் திறக்காதீர்கள், அப்புறமும் மாட்டிக்கொண்ட அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுங்கள். தப்பாகப் போட்ட கணக்கின் சீட்டு டப்பாவுக்கே திரும்பிப் போகட்டும். தேர்வுக்கு முந்தின ராத்திரி புதுக் கணக்கு எதுவும் வேண்டாம், டப்பாவில் மிச்சமிருப்பதை ஒரு முறை பார்த்துவிட்டு, சாப்பிட்டுப் படுங்கள்.