அடுத்தவர் கோடில் தந்திரத்தைப் பார்த்தால், பக்கத்தில் இருக்கும் கமெண்டையும் படியுங்கள்

ஜாவாவில் வேலை செய்கிறவர்கள் ஹேஷ்மேப்பை (ஒரு கீயைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் திருப்பித் தரும் அமைப்பு) தொடாத நாள் அபூர்வம். அதன் சோர்ஸ் கோடைத் திறந்து பார்த்தவர்களோ மிகக் குறைவு. கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு அந்தப் பெயரை கிளிக் செய்தால் போதும். கோட் ரிவ்யூவில் உட்காரும் ஜூனியர்களிடம் நான் முதலில் திறந்து பார்க்கச் சொல்வது அதைத்தான்.

ஒரு கீயை எந்தப் பெட்டியில் போடுவது? கீயிலிருந்து கணக்கிடும் ஹேஷ் எண்ணைப் பெட்டிகளின் எண்ணிக்கையால் வகுத்து மீதியை எடு என்று கல்லூரியில் சொல்லித் தந்திருப்பார்கள். ஹேஷ்மேப் வகுப்பதே இல்லை. 16 பெட்டிகள் என்றால், ஹேஷ் & 15, அவ்வளவுதான். இந்தக் குறி இரண்டு எண்களிலும் 1 ஆக உள்ள பிட்டுகளை மட்டும் வைத்துக்கொள்ளும்; 15 என்பது பைனரியில் 1111. அதனால் ஹேஷின் கடைசி நான்கு பிட்டுகள் மட்டும் மிஞ்சும். வேகம் ஒரு லாபம். மைனஸ் எண்ணுக்குப் பயப்பட வேண்டாம் என்பது, என்னைக் கேட்டால், அதைவிடப் பெரிய லாபம். ஜாவாவில் -7 % 16 என்றால் விடை -7. அதை அரே இண்டெக்ஸாகக் கொடுத்தால் எக்செப்ஷன்தான். -7 & 15 என்றால் 9.

சரி, நம் கோடிலும் போட்டுவிடலாமா? பெட்டிகள் இரண்டின் அடுக்காக இருந்தே ஆக வேண்டும் என்று அதே ஃபைலில் கமெண்ட் இருக்கிறது. நீங்கள் 100 கேட்டாலும் ஹேஷ்மேப் 128 பெட்டிகளைத்தான் அமைக்கும். அதைப் படிக்காமல், 100 பெட்டிகளை வைத்துக்கொண்டு & 99 என்று எழுதினால் என்ன ஆகும்? 99 என்பது 1100011. அதில் நான்கு ஒன்றுகள்தான் உள்ளன. ஆக, வரக்கூடிய இண்டெக்ஸும் 16 தான். மீதி 84 பெட்டிகள் கடைசிவரை காலி. எரர் எதுவும் வராது, டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகும், புரொடக்‌ஷனில் மட்டும் மெதுவாக ஓடும்.

கடைசி பிட்டுகளை மட்டும் எடுத்தால், மேல் பிட்டுகளில் மட்டும் வேறுபடும் கீகள் எல்லாம் ஒரே பெட்டியில் போய் விழும். அதற்கும் அங்கேயே மருந்து வைத்திருக்கிறார்கள்: ஹேஷை 16 பிட் வலப்புறம் நகர்த்தி, அதனுடனேயே எக்ஸார் (இரு பிட்டுகளும் வேறாக இருந்தால் 1) செய்கிறார்கள். அடுத்தடுத்த முழு எண்களை ஃப்ளோட் கீயாக வைத்தால் இந்தச் சிக்கல் வருகிறது என்று அதன் மேலுள்ள கமெண்ட் உதாரணத்தோடு சொல்கிறது. ஒரு வரி கோடுக்குப் பத்து வரிக்கு மேல் கமெண்ட். இப்படிப்பட்ட கமெண்டைத்தான் நான் தேடிப் படிப்பேன்.

வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகக் குறுக்கித் தேடும் பைனரி சர்ச்சில் நடு இடம் கண்டுபிடிக்க (இடது + வலது) / 2 என்றுதான் எல்லோரும் எழுதுவோம். ஜாவா லைப்ரரியிலும் ஏறக்குறைய ஒன்பது வருடங்கள் அப்படித்தான் இருந்தது. எழுதியவர் ஜோஷுவா பிளாக். அதில் பிழை இருப்பதை 2006-இல் அவரே ஊரறியச் சொன்னார். இடது 150 கோடி, வலது 200 கோடி என்றால் கூட்டல் 350 கோடி. 32 பிட் இன்ட்டில் 214 கோடிக்குச் சற்று மேல் இடம் கிடையாது, எண் மைனஸாகிவிடும். இடது + (வலது - இடது) / 2 என்று எழுதினால் தீர்ந்தது. பைத்தானில் முழு எண்ணுக்கு அப்படி ஓர் எல்லையே இல்லை, அங்கே / என்பதை // என்று மாற்றினால் பழைய வரியே போதும்.

குவேக் 3 விளையாட்டில் வர்க்கமூலத்தின் தலைகீழை (1/√x) வேகமாகக் கணக்கிடும் தந்திரத்தை இன்னும் சிலாகிக்கிறார்கள். ரசிக்கலாம், நகலெடுக்க வேண்டாம். இன்றைய இன்டெல், ஏஎம்டி சிப்புகளில் அந்தக் கணக்குக்கென்றே தனிக் கட்டளை இருக்கிறது.

புரியாத வரியைப் பார்த்தால் கிட் பிளேம் போட்டு, எந்த மாற்றத்தோடு அது உள்ளே வந்தது என்று பாருங்கள். அப்புறம் பூஜ்யம், மைனஸ், ஆகப் பெரிய எண் மூன்றையும் கொடுத்து ஓட்டுங்கள். இரண்டின் அடுக்கா என்று பார்க்க எ & (எ - 1) பூஜ்யமா என்று கேட்பது அழகான தந்திரம்தான்; ஆனால் பூஜ்யத்தையே கொடுத்தால் அதற்கும் ஆமாம் என்கிறது. வரிசைப்படுத்தும்போது கம்பேரட்டரில் (எது முன்னால் என்று சொல்லும் ஃபங்ஷன்; மைனஸ் வந்தால் முதலாவது முன்னால்) அ - ஆ என்று கழித்து அனுப்புவதும் இப்படித்தான். 200 கோடியிலிருந்து மைனஸ் 200 கோடியைக் கழித்தால் ஜாவா இன்ட்டில் விடை மைனஸாக வரும், பெரியது முன்னால் போய் நிற்கும். ஜாவா 7-இலிருந்து இன்டீஜர் கிளாஸிலேயே கம்பேர் மெத்தட் இருக்கிறது. ரிவ்யூவுக்கு வரும் கோடில் அந்தக் கழித்தலைப் பார்த்தால் மாற்றச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவேன்.