அலுவலகத் தேநீரும் பசுவின் முதல் இரைப்பையும்

காகிதக் கோப்பைகளை நிறுத்தி, கழுவிப் பயன்படுத்தும் கோப்பைகளுக்கு மாறிய ஓர் அலுவலகத்தின் ஊழியர், சூழலைக் காக்க இது போதுமா என்று கேட்டிருக்கிறார். மாற்றம் நல்லதுதான், ஆனால் பால் கலந்த தேநீரைப் பொறுத்தவரை, கோப்பையை விடப் பாலுக்கே புவி வெப்பமாதலில் பங்கு அதிகம். அதற்கான காரணம் பசுவின் வயிற்றில் இருக்கிறது.

புல்லில் உள்ள செல்லுலோஸைச் சிதைக்கும் நொதி பசுவின் உடலில் சுரப்பதில்லை. நான்கு அறைகள் கொண்ட இரைப்பையில் முதல் அறையான ரூமென், நூறு லிட்டருக்கும் மேல் கொள்ளக்கூடிய, ஆக்சிஜன் இல்லாத நொதிகலன். அங்கே நுண்ணுயிரிகள் செல்லுலோஸை அசிட்டிக் அமிலம் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அவையே பசுவுக்கு ஆற்றல். அப்போது ஹைட்ரஜனும் வெளிப்படுகிறது. அது தேங்கினால், நொதித்தலில் விடுபடும் எலக்ட்ரான்களுக்குப் போக்கிடமின்றி அந்த வேலையே மந்தப்பட்டுவிடும். இங்குதான் ஆர்க்கியா என்ற தொன்மையான நுண்ணுயிரிகள் வருகின்றன. நான்கு ஹைட்ரஜன் மூலக்கூறுகளை ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுடன் இணைத்து, அவை மீத்தேனையும் நீரையும் உண்டாக்குகின்றன. தமக்கான ஆற்றலை இப்படித் தேடிக்கொள்ளும் இவ்வுயிரிகளே ரூமெனில் ஹைட்ரஜன் தேங்காமலும் காக்கின்றன என்பது எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பூட்டுகிறது. அந்த மீத்தேனில் பெரும்பகுதி ஏப்பமாக வாய்வழியே வெளியேறுகிறது.

நூறு ஆண்டுக் கணக்கில் மீத்தேன், அதே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடைப் போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பமூட்டும். 38,000க்கும் மேற்பட்ட பண்ணைகளின் தரவுகளைத் திரட்டி 2018இல் வெளியான ஆய்வின்படி, ஒரு லிட்டர் பசும்பாலுக்குச் சுமார் 3 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு நிகரான வாயுக்கள் வெளியாகின்றன. சோயாப்பாலுக்கும் ஓட்ஸ் பாலுக்கும் சுமார் 1 கிலோ. பாதாம்பாலுக்கு அதுவும் குறைவு, ஆனால் அது ஏராளமான நீரைக் கேட்கிறது. உணவு அருகிலிருந்து வந்தாலே சூழலுக்கு உகந்தது என்ற நம்பிக்கையை இனியேனும் கைவிட வேண்டும். உணவுத்துறையின் மொத்த வெளியேற்றத்தில் போக்குவரத்தின் பங்கு இந்த ஆய்வின்படி ஆறு விழுக்காடு அளவே. பசுவின் மீத்தேனையே குறைக்கவும் ஒரு வழி ஆராயப்படுகிறது: தீவனத்தில் சேர்க்கப்படும் ஆஸ்பராகாப்சிஸ் என்ற சிவப்புக் கடற்பாசியில் உள்ள புரோமோஃபார்ம் என்ற வேதிப்பொருள், ஆர்க்கியாக்கள் மீத்தேனை உருவாக்குவதைத் தடுக்கிறது. இது நீண்ட காலப் பயன்பாட்டில் பாதுகாப்பானதா என்று ஆராய்வதற்குப் பொதுநிதி தாராளமாகக் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாயுக் கணக்கு தோட்டத் தொழிலாளியின் கூலியைக் காட்டாது. தேயிலை, காப்பி, கோகோ வாங்கும்போது விளைவிப்போருக்கு நியாயமான விலையை வலியுறுத்தும் ஃபேர்டிரேட் போன்ற முத்திரைகளையும், அவற்றின் நிபந்தனைகளையும் தனியே பார்க்க வேண்டும்.

கூட்டங்களில் மிஞ்சும் உணவு குப்பைமேட்டில் புதையுண்டால், ஆக்சிஜன் கிடைக்காத அந்த ஆழத்திலும் மீத்தேனை ஆக்குபவை ஆர்க்கியாக்களே. ஆகவே உணவுக்குச் சொல்லும் முன் வருவோரின் எண்ணிக்கையை உறுதிசெய்து, தாவரப்பாலைக் கேட்டால் மட்டும் தருவதாக இல்லாமல் மேசையிலேயே வைத்தால், கோப்பை மாற்றத்தை விடப் பலன் கூடுதலாக இருக்கும்.