கடைசி இலக்கம் 3

நவி மும்பையின் களம்போலி லாரி டெர்மினலில் டீ குடிக்கப் போனால் டிஎன் 28, டிஎன் 34 வண்டிகளைக் கண் தானாகத் தேடும். அப்படித்தான் அந்த நாமக்கல் அண்ணன் எனக்குப் பழக்கமானார். நவா ஷேவா துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறார். அன்று செல்போனை நீட்டினார். "இந்த ஒரு வாட்ஸ்அப் மெசேஜ்தான் தம்பி. ராத்திரி பூரா கேட்டுல கெடந்தேன்."

ஏஜென்ட் ஆபீஸில் யாரோ கன்டெய்னர் எண்ணைத் தட்டும்போது இரண்டு இலக்கங்களை இடம் மாற்றிவிட்டார்கள். உள்ளே விடுவதற்கான ஃபார்ம் 13-இல் ஒரு எண், பெட்டியின் கதவில் வேறு எண். கேட் திறக்குமா?

வேடிக்கை என்னவென்றால், இந்தத் தவறைப் பிடிக்கும் வழி அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. உலகம் முழுக்க கன்டெய்னர் எண் ஒரே அச்சுதான்: 4 எழுத்து, 6 இலக்கம், கடைசியில் ஒரு கட்டத்துக்குள் தனியாக ஒரு இலக்கம். அந்தக் கடைசி இலக்கம் காவல்காரர். சி, எஸ், கியூ, யு, அப்புறம் 305438 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். எழுத்துகளுக்கும் மதிப்பு உண்டு: இந்த நான்குக்கும் 13, 30, 28, 32. முதல் இடத்தை 1-ஆல், அடுத்ததை 2-ஆல், பிறகு 4, 8, 16 என இரட்டித்துக்கொண்டே போய் 512 வரை பெருக்கிக் கூட்டினால் 6185. அதை 11-ஆல் வகுத்தால் மீதி 3. பெட்டியில் கடைசியாக இருப்பதும் 3. இப்போது 43-ஐ 34 என்று மாற்றித் தட்டுங்கள். கூட்டல் 6313, மீதி 10. மீதி 10 வந்தால் 0 என்று எழுதுவது வழக்கம். 3 எங்கே, 0 எங்கே! கணினி கண் சிமிட்டும் நேரத்தில் பிடித்துவிடும். வாட்ஸ்அப்புக்கு இந்தக் கணக்கு தெரியாது.

ஒரே எண்ணை ஏற்றுமதியாளர், கஸ்டம்ஸ் ஏஜென்ட், டிரான்ஸ்போர்ட்காரர் என்று கைக்குக் கை திரும்பத் தட்டுகிறார்கள். ஒவ்வொரு கையும் ஒரு வாய்ப்பு, தவறுக்கு.

சரி, எண் சரியாகவே இருக்கட்டும். இறக்குமதிப் பெட்டியை எடுக்கப் போகும் வண்டிக்கு வேறொரு சிக்கல். யார்டில் பெட்டிகள் நாலைந்து அடுக்காக நிற்கும். அடியில் இருப்பது வேண்டுமென்றால் மேலே உள்ளவற்றை நகர்த்தியாக வேண்டும். எந்த லாரி எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால், கிரேன் சும்மா இருக்கும் நேரத்தில் அந்த வேலையை முடித்துவிடலாம். தெரியாவிட்டால் லாரி வந்த பிறகுதான் தோண்டல் தொடங்கும்.

வரிசைக்கென்றே ஒரு கணிதம் உண்டு. சராசரியாக 2 நிமிடத்துக்கு ஒரு வண்டியை அனுப்பும் ஒரு கேட். வண்டிகள் நினைத்த நேரத்துக்கு வருகின்றன. கேட் 80 சதவீத நேரம் வேலையாக இருந்தால் சராசரிக் காத்திருப்பு 8 நிமிடம். 90 சதவீதம் என்றால் 18. 95 என்றால் 38! வண்டிகள் கொஞ்சம்தான் கூடின, காத்திருப்போ ஏறக்குறைய ஐந்து மடங்கு. கேட்டை அகலப்படுத்தாமலே இதைக் குறைக்க முடியும். வண்டிகளுக்கு நேரம் ஒதுக்கி, வருகையைப் பரப்பிவிட்டால் போதும்.

பெட்டி எங்கே என்று சொல்லும் ஏற்பாடு இங்கே 2016-லேயே வந்துவிட்டது. லாஜிஸ்டிக்ஸ் டேட்டா பேங்க் திட்டத்தில் கன்டெய்னரில் ஒரு டேக் மாட்டுவார்கள். ஃபாஸ்டேக் மாதிரிதான், பேட்டரி கிடையாது. வழியில் உள்ள ரீடர் அனுப்பும் ரேடியோ அலையே அதற்கு மின்சாரம்; அதை வைத்துத் தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். நல்ல ஏற்பாடு. ஆனால் கடந்து வந்த இடத்தைத்தான் அது சொல்லும். அண்ணன் டீயை முடித்துவிட்டு எத்தனை மணிக்குக் கேட்டுக்கு வருவார் என்பதை யாராவது சொன்னால்தான் யார்டுக்குத் தெரியும்.

அண்ணன் இப்போது ஆபீஸில் கறாராகச் சொல்லிவிட்டாராம்: "நம்பரத் தட்டி அனுப்பாதீங்க. பொட்டிக் கதவப் போட்டோ எடுத்து அனுப்புங்க."