காலி தம்ளரில் காபி

என் பேத்திக்குப் பதினைந்து மாதம் நடந்துகொண்டிருந்தபோது, தரையில் கிடந்த வெறும் எவர்சில்வர் தம்ளரை எடுத்து வாயில் வைத்து அண்ணாந்தாள். பிறகு "ஆ..." என்று திருப்தியாக மூச்சு விட்டாள். உள்ளே ஒரு சொட்டுகூட இல்லை. அது அவளுக்கும் தெரியும். ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு மாதம் போனதும் அதே தம்ளரை என் வாயருகே நீட்டினாள்.

பாவனை விளையாட்டு பெரும்பாலும் இந்த வரிசையில்தான் வருகிறது. ஒரு வயதை ஒட்டித் தானே குடிப்பதுபோல் நடிப்பது, அடுத்துப் பொம்மைக்கோ தாத்தாவுக்கோ ஊட்டுவது, இரண்டு வயது நெருங்கும்போது ஊற்றி, கிளறி, பரிமாறி என்று செயல்களைக் கோப்பது. விளையாட்டுச் சமையலறை வாங்கப் போகிறவர்கள் குழந்தை இதில் எந்தப் படியில் நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

1975-இல் கிரேட்டா ஃபைன் என்ற உளவியலாளர் இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளிடம் ஒரு பொம்மைக் குதிரையையும் கோப்பையையும் கொடுத்துக் குதிரைக்குத் தண்ணீர் காட்டச் சொன்னார். குதிரை குதிரைபோலவும் கோப்பை கோப்பைபோலவும் இருந்தபோது 93 சதவீதம் பேர் செய்தார்கள். குதிரைக்குப் பதில் ஏதோ குதிரைச் சாயல் கொண்ட உலோகத் துண்டையும், கோப்பைக்குப் பதில் கிளிஞ்சலையும் வைத்ததும் 33 சதவீதம் பேரால்தான் முடிந்தது. ஒன்றை மட்டும் மாற்றினால் பலரும் சமாளித்தார்கள். ஒரே நேரத்தில் இரண்டையும் மனத்தால் மாற்றிக்கொள்வதுதான் அந்த வயதுக்குப் பெரிய சுமை.

அதனால் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு வாங்கும் சாமான் அது வீட்டில் தினமும் பார்க்கும் சாமானைப் போல இருக்கட்டும். தோசைக்கல்லும் தம்ளரும் புழங்கும் வீட்டுப் பிள்ளைக்கு மைக்ரோவேவ் அடுப்பும் பீட்சாத் துண்டும் என்ன கதை சொல்லும்? வழவழவென்று வெறும் மரக்கட்டைகளாக வரும் அழகான செட்டுகள் பெரியவர்களின் கண்ணுக்கு விருந்து. அவற்றுக்கான வயது பிறகு வரும்.

பட்டனை அழுத்தினால் கொதிக்கும் சத்தம் போடும் அடுப்பை நான் வேண்டாம் என்பேன். 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், 10 முதல் 16 மாதக் குழந்தைகளுடன் விளையாடிய பெற்றோர் மின்னணுப் பொம்மை இருந்தபோது நிமிடத்துக்கு ஏறக்குறைய 40 சொற்களும், சாதாரணப் பொம்மை இருந்தபோது 56 சொற்களும் பேசினார்கள். பொம்மை பேசத் தொடங்கினால் நாம் வாயை மூடிக்கொள்கிறோம். "ஸ்ஸ்... சுடுது, ஊதிக் குடி" என்று சொல்ல அங்கே ஆள் இல்லாமல் போகிறது. எண்ணிக்கையும் அப்படித்தான்: இன்னோர் ஆய்வில் 16 பொம்மைகள் சூழ இருந்த குழந்தைகளைவிட, நான்கே பொம்மைகள் இருந்தவர்கள் ஒவ்வொன்றோடும் நெடுநேரம், விதவிதமாக விளையாடினார்கள்.

இனி, மனத்துக்குக் கஷ்டமான ஒரு விஷயம். எனக்கு அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் என்றால் உயிர். கடைசலில் சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராயும் சூட்டிலேயே அரக்கு உருகி, மெருகாகப் படிந்துவிடும். ஆனால் அந்தக் குட்டி உழக்கும் குட்டிக் குழவியும் மூன்று வயதுக்கு முன் குழந்தையின் கையில் போகக் கூடாது. குழந்தையின் தொண்டைக்குள் போகக்கூடிய பொருளா என்று சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் அடங்கும் எதுவும் மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மையில் இருக்கக் கூடாது. என் சொப்புப் பெட்டி இன்னும் பரணில்தான் இருக்கிறது.

அரைக்கோள வடிவக் கிண்ணம் இன்னொரு ஆபத்து. முகத்தின் அளவுக்குப் பொருந்தும் கிண்ணத்தைக் குழந்தை மூக்கும் வாயும் மூடும்படி அழுத்திக்கொண்டால், மூச்சை இழுக்க இழுக்க உள்ளே காற்றழுத்தம் குறைந்து அது இன்னும் இறுக ஒட்டிக்கொள்ளும். 1999-இல் அமெரிக்காவில் பந்து வடிவ இலவசப் பொம்மையின் ஒரு பாதி இப்படி முகத்தை மூடி 13 மாதக் குழந்தை இறந்தது. அதன் பிறகே இந்த வடிவத்துக்குக் காற்றுத் துளை வேண்டும் என்பது போன்ற விதிகள் தரநிலைகளுக்குள் வந்தன. கிண்ணத்தைத் திருப்பித் துளை இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தியாவில் 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அதையும் பார்த்து வாங்குங்கள். பேட்டரி அறை திருகாணியால் பூட்டியிருக்க வேண்டும். பொத்தான் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே திசுவை அரித்துவிடும். அலமாரி வடிவச் சமையலறை என்றால் சுவரோடு பிணைத்துவிடுங்கள். நடை பழகும் பிள்ளை எதையும் பிடித்துத்தான் எழும். மேடை அதன் முழங்கை மட்டத்தில் இருந்தால் போதும்.

நாங்கள் அலமாரி வாங்கவில்லை. கவிழ்த்த முக்காலிதான் அடுப்பு. மேலே ஒரு வாணலி, ஒரு மரக்கரண்டி, இரண்டு தம்ளர். அவளுக்கு இப்போது இரண்டரை வயது. நேற்று தம்ளர் கைக்கு எட்டவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தவள் என் மூக்குக்கண்ணாடிப் பெட்டியை எடுத்து நீட்டி, "தாத்தா, காபி" என்றாள். வாங்கி, ஊதிக் குடித்தேன்.