துண்டு வெட்டின பிறகு

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டால் வருத்தம் மாறிவிட்டது என்றுதான் எங்கள் சனம் நினைக்கும். வன்னியில் சமூக சேவை உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். நான் போகும் பல வீடுகளில் கஷ்டம் அந்தத் துண்டோடுதான் தொடங்குகிறது.

ஒட்டுசுட்டான் பக்கம் ஓர் அம்மம்மா, எழுபதைத் தாண்டியவர். (ஆளைத் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.) பாரிசவாதம் வந்து வலது பக்கம் இழுத்துவிட்டது. வாட்டில் இரண்டு கிழமை வைத்திருந்து, மருந்தும் கிளினிக் திகதியும் கொடுத்து அனுப்பினார்கள். நான் போனது முதியோர் கொடுப்பனவுப் படிவத்தோடு. பத்து நிமிட வேலை. ஆனால் வாசலிலேயே மணம் அடித்தது. நாரிக்குக் கீழே, எலும்பு முட்டும் இடத்தில், உள்ளங்கை அளவில் படுக்கைப் புண்.

தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தது பதினைந்து வயதுப் பேத்தி. செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி.

"பள்ளிக்கூடம் இல்லையா பிள்ளை?"

"இப்ப போறேல்ல மிஸ். அம்மம்மாவைப் பாக்க ஆளில்லை."

தாய் விடியப்புறம் காமென்ட் (ஆடைத் தொழிற்சாலை) பஸ்ஸில் போனால் பொழுதுபட்டுத்தான் வருவார். தகப்பன் இல்லை. மாமன் ஒருவர் கொழும்பில் நல்ல வேலையில் இருக்கிறாராம். அவர் பேச்சை எடுத்தால் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரி பிழை விட்டது என்று சொல்லமாட்டேன். வாட்டில் அவரை ஒழுங்காகப் புரட்டித்தான் படுக்க வைத்திருக்கிறார்கள். வீட்டில் யார் புரட்டுவது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. வீட்டாரும் கேட்கவில்லை. டாக்குத்தரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்ற நினைப்பு எங்களுக்கு நிறைய இருக்கிறது.

ஒரே பக்கமாகக் கிடந்தால் எலும்புக்கும் மெத்தைக்கும் இடையில் தோல் நசிந்து, அந்த இடத்துக்கு இரத்தம் போவது குறைகிறது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும் என்பது அதனால்தான். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளிறாமல் சிவப்பாகவே இருந்தால் புண் தொடங்கிவிட்டது. அதில் எண்ணெய் போட்டுத் தேய்க்க வேண்டாம், உள்ளே இன்னும் சிதையும். ஈரத் துணியில் கிடக்க விடவும் கூடாது.

வன்னியில் இதை எங்களைவிட நன்றாகச் சொல்லித்தரக்கூடியவர்கள் இருக்கிறார்கள். 2009 இல் முடிந்த யுத்தத்தில் முள்ளந்தண்டில் காயப்பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் வாழ்பவர்கள். கைக்கண்ணாடி பிடித்துத் தங்கள் தோலைத் தாங்களே பார்க்கப் பழகியவர்கள். அப்படி ஓர் அண்ணை சக்கர நாற்காலியோடு ஓட்டோவில் வந்து, தலையணையை எங்கே முட்டுக்கொடுப்பது என்று பேத்திக்கும் தாய்க்கும் காட்டிக்கொடுத்தார். நான் ஒரு மணித்தியாலம் விளக்கியதை அவர் ஐந்து நிமிடத்தில் முடித்தார். சரி, எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான்.

பிள்ளையின் விஷயத்தை, பிரதேச செயலகத்தில் எனக்கு இரண்டு மேசை தள்ளி இருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் கொண்டுபோனேன். ஐந்து வயதிலிருந்து பதினாறு வரை பள்ளிக்கூடம் கட்டாயம் என்பது சட்டம். ஆனால் அந்தச் சட்டத்தைக் காட்டி இப்படியொரு தாயை வெருட்டி என்ன பயன்? பக்கத்து வளவில் இருக்கும் பெறாமகள் காலையில் வந்து பார்க்கச் சம்மதித்தார். கிட்டடி ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து கட்ட ஒழுங்கு செய்தோம். புண் ஆற நாலு மாதம். பிள்ளை திரும்பப் பள்ளிக்கூடம் போகிறாள், கிளினிக் நாட்களில் மட்டும் இன்னும் வீட்டில்தான்.

மாமன் விஷயம் தனி. பராமரிக்காத பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்க, 60 வயது கடந்த பெற்றோருக்கு 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. அதற்கென்று ஒரு சபையும் இருக்கிறது. சொன்னேன். "பெத்த பிள்ளையை வழக்குக்கு இழுக்கிறதோ" என்று அம்மம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது அவருடைய முடிவு. நான் வற்புறுத்தவில்லை.

துண்டு வெட்டுவதற்கு முதல் நாளே வாட்டில் கேளுங்கள்: வீட்டில் எப்படிப் புரட்டுவது, மருந்து கட்ட எங்கே போவது, பயிற்சி யார் தருவார்? பிறகு டயக்னோசிஸ் கார்ட்டின் பிரதியோடு ஜி.எஸ்.ஸையும் (கிராம சேவகர்) எங்களையும் வந்து பாருங்கள். நிவாரணம் கேட்டு வருகிறவர்களுக்கு மட்டுமான கந்தோர் இல்லை இது. வீட்டில் ஒரு பிள்ளை படிப்பை விட்டு நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தால் அயலில் இருப்பவர்களும் சொல்லலாம். சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமான 1929 க்கு எந்த நேரமும் எடுக்கலாம், பெயர் சொல்லத் தேவையில்லை.

அன்றைக்கு நான் கொண்டுபோன படிவம் பையிலேயே கிடந்தது. அடுத்த கிழமை அதற்காகவே இன்னொரு முறை போனேன். கையொப்பம் வைக்க வலது கை வரவில்லை. பேத்திதான் இடது பெருவிரலை மையில் ஒற்றிப் பிடித்தாள்.