கல்யாணத்துக்கு ரிச் கேக்: கொடுப்பதா, விடுவதா?

இலங்கையில் கல்யாண மேடையில் நிற்கும் மூன்று தட்டுக் கேக் பெரும்பாலும் ரெஜிபோம்தான், அதாவது தெர்மோகோல். மேலே பூசிய ஐசிங்கும், மணமக்கள் வெட்ட வைத்த சிறு பகுதியும் மட்டும் உண்மை. விருந்தினர் கைக்குப் போவது வேறிடத்தில் வெட்டிச் சுற்றிய ரிச் கேக் துண்டு: ரவை, கஜு (முந்திரி), உலர்பழம், முட்டை, பிரண்டி சேர்த்துச் சுடும் கேக். ஆகவே ஸ்ட்ரக்சர் எனும் மேடைக் கேக்கையும் துண்டுகளையும் தனித்தனியாக யோசியுங்கள். ஒன்றை விட்டால் மற்றதையும் விடவேண்டியதில்லை. ஸ்ட்ரக்சரில் உண்மைக் கேக் வைத்த இடத்துக்கு ரிப்பன் கட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கத்தி ரெஜிபோமில் சிக்கிக்கொள்ளும், கமராவோ ஓடிக்கொண்டிருக்கும்.

துண்டு கொடுப்பதா என்பதை விலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். யார் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். கோயில் மண்டபமென்றால் முட்டை சேர்ந்த பண்டம் உள்ளே போகலாமா என்று நிர்வாகத்திடம் முதலே கேளுங்கள். வெள்ளிக்கிழமைக் கல்யாணத்தில் சைவக்காரர் பலர் அன்று தொடமாட்டார்கள். ஆனால் இது நாள்பட இருக்கும் கேக். மறுநாள் வீட்டில் சாப்பிடலாம். பட்டர் கேக் இவ்வளவு நாள் தாங்காது.

முஸ்லிம் நண்பர்கள் வருகிறார்களா? வேகும்போது பிரண்டி பறந்துவிடும் என்பது பாதி உண்மை. கொஞ்சம் உள்ளேயே நிற்கும். வெந்த பிறகு மேலே தெளிப்பவர்களும் உண்டு. இரண்டு வகை செய்தால் தட்டில் கட்டாயம் மாறிப்போகும். முழு ஓடரையும் பிரண்டி இல்லாமல் செய்விப்பதே நல்லது. அப்போது அதிக நாள் தாங்காது, கல்யாணத்துக்குக் கிட்டவாகத்தான் சுடவேண்டும். பெட்டியில் கஜு, முட்டை என்று எழுதச் சொல்லுங்கள். கஜு ஒவ்வாதவர்களுக்கு ஒரு துண்டே ஆபத்து.

300 பேருக்கு 40 கிராம் துண்டு என்றால் 12 கிலோ. ஓரமும் உதிர்வும் போக, ஒன்றரைக் கிலோ கூடச் சொல்லுங்கள்.

ரவை கால் கிலோ என்றால் பிளம்ஸ் (உலர்ந்த திராட்சை), இஞ்சித் தோசி (சீனிப்பாகில் ஊறிய இஞ்சி), கஜு எல்லாம் சேர்ந்து ஒன்றரைக் கிலோவாவது வரவேண்டும். மலிவாகத் தருகிறோம் என்பவர் முதலில் குறைப்பது கஜுவை, கூட்டுவது பூசணித் தோசியை. துண்டு வாயில் நறநறவென்றால், வறுத்த ரவை பட்டரில் ஊறவில்லை. ஓரம் கருகி நடு பச்சையாக இருந்தால் சூடு அதிகம். 150 பாகை செல்சியஸுக்கு மேல் போகக்கூடாது, தட்டுக்கு உள்ளே பல மடிப்புத் தாளும் வேண்டும்.

பூஞ்சணம்தான் பெரிய தொல்லை. ஓடரை உறுதிசெய்யுமுன் சுற்றிய துண்டொன்றை வாங்கி, பிரிட்ஜில் வைக்காமல் ஒரு கிழமை விட்டுப் பாருங்கள். தாளில் எண்ணெய் ஊறியிருந்தால் பரவாயில்லை. உட்புறம் நீர்முத்து தெரிந்தால் ஆறுமுன் சுற்றியிருக்கிறார்கள். வேறு ஆளைப் பாருங்கள்.