கரப்பான் இருக்க 'அரிக்கும் தோலழற்சி' எதற்கு?

பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் கொடுத்த துண்டறிக்கையைச் சென்ற மாதம் எங்கள் தெருப் பெண் ஒருவர் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். தலைப்பு 'அரிக்கும் தோலழற்சி'. இடுப்பில் இருந்த ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு முழங்கை மடிப்பு சிவந்து, சொறிந்த இடம் கசிந்து பொருக்குக் கட்டியிருந்தது. "இது தோல அரிச்சுத் தின்னுருமா அண்ணாச்சி?" என்று கேட்டார். கரையான் கதவு நிலையை அரிப்பதையும் தாமிரபரணி வெள்ளம் கரையை அரிப்பதையும் பார்த்து வளர்ந்தவருக்கு வேறெப்படித் தோன்றும்?

அந்தத் தலைப்பு எக்ஸிமா என்னும் தோல்நோய்க்குப் போட்ட மொழிபெயர்ப்பு. எக்ஸிமா என்பது கிரேக்கச் சொல். கொதித்துப் பொங்கி வெளிவருதல் என்பது அதன் வேர்ப்பொருள். அழல் என்னும் நெருப்பிலிருந்து பிறந்த 'அழற்சி'யும் அதற்கு வெகுதொலைவில் இல்லை. ஆகவே 'தோலழற்சி' என்ற சொல்லோடு எனக்குப் பிணக்கில்லை; அது டெர்மடைட்டிஸ் என்ற ஆங்கில மருத்துவச் சொல்லுக்கு நேரான, நல்ல சொல்.

பிணக்கு முன்னே ஒட்டிய 'அரிக்கும்' என்பதோடுதான். அரிப்பது நோயாளிக்கு; அழற்சிக்கு அன்று. தலைச்சாயம் ஒவ்வாமல் வரும் தோலழற்சியும் அரிக்கத்தான் செய்கிறது. எனவே அந்த அடைமொழி எதையும் எதிலிருந்தும் பிரித்துக் காட்டவில்லை. பெயரெச்சத்தை நோய்ப்பெயரின் தலையில் கட்டிவிட்டால், அதன்மேல் இன்னொரு அடை வரும்போது 'கடுமையான அரிக்கும் தோலழற்சி' என்று ஆகி, கடுமை அரிப்புக்கா அழற்சிக்கா என்று படிப்பவர் திகைக்க வேண்டியதாகிறது. இது கணினி மொழிபெயர்ப்பில் அடிக்கடி வந்து விழும் தொடர். அதை வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பார்க்காமலே அச்சுக்கு அனுப்புகிறார்கள். வேறு சிலர் 'சிரங்கு' என்று எழுதுவது இதைவிடத் தீங்கு. சொறி சிரங்கு என்றதும் நம் ஊரில் பிள்ளையைத் தனியே படுக்க வைத்து, துண்டையும் தட்டையும் பிரித்துவிடுவார்கள். எக்ஸிமாவோ ஒட்டிக்கொள்ளும் நோயே அன்று.

அந்தப் பெண்ணின் மாமியார் பிள்ளையைப் பார்த்தவுடன் சொன்ன பெயர் 'கரப்பான்'. சித்த மருத்துவத்தில் வழங்குவதும் அதுவே. பூச்சியின் பெயரும் அதுதானே என்று இளையவர்கள் சிரிப்பதுண்டு. கரத்தல் என்றால் ஒளிதல். ஒளிந்து கிடந்து மறுபடி தலைகாட்டும் இந்த நோய்க்கு அந்த வேர் பொருந்துகிறது என்பது என் எண்ணம், அகராதியின் தீர்ப்பு அன்று. சித்தத்தில் கரப்பான் எக்ஸிமாவைவிட விரிந்த பெயர் என்பதையும், அச்சொல்லோடு 'கரப்பான் பண்டம்' என்று சில உணவுகளை விலக்கும் பத்தியமும் சேர்ந்து வருகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வாமை உறுதிப்படாத பிள்ளைக்குப் பொதுவாக உணவை விலக்குவதால் பெரும்பயன் இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. கத்தரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்தச் சொல்லும் பாட்டிமாரிடம் அதை எடுத்துச் சொல்லலாம். அதற்காகச் சொல்லையே தள்ளிவிட வேண்டியதில்லை.

துண்டறிக்கையின் இன்னொரு வரி: 'மென்மையாக்கிகள் அரிக்கும் தோலழற்சியைத் தடுப்பதில்லை.' மென்மையாக்கி என்றால் தோல் வறளாமல் இருக்கத் தடவும் ஈரப்பூச்சு. அந்த வரியைப் படித்துவிட்டு அந்தப் பெண் பூச்சை நிறுத்தியிருந்தார். மூல ஆய்வு 2020-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. பிரிட்டனில், ஒவ்வாமை நோயுள்ள குடும்பங்களில் பிறந்த 1,394 சிசுக்களில் ஒரு பாதிக்கு முதல் ஓராண்டு நாள்தோறும் ஈரப்பூச்சு தடவச் சொன்னார்கள். இரண்டு வயதில் எக்ஸிமா இருந்தது அவர்களில் 23 சதவீதத்தினருக்கு, மற்றப் பாதியில் 25 சதவீதத்தினருக்கு. வராத நோயை வராமல் செய்யப் பூச்சு உதவவில்லை என்பதே முடிவு. வந்துவிட்ட பிள்ளைக்குத் தடவ வேண்டாம் என்று அதில் எங்கும் இல்லை. தணிந்த கரப்பான் திரும்பக் கிளம்பாமல் காப்பதோ மூன்றாவது செய்தி: வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஸ்டீராய்டு களிம்பு இடுவது அதற்குப் பயன் தருகிறது என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. வருதல், தணிதல், கிளம்புதல் என்று மூன்று வினைகள் நம்மிடம் இருக்க, மொழிபெயர்ப்பாளர் எல்லாவற்றுக்கும் 'தடுப்பு' ஒன்றையே போடுகிறார்.

துண்டறிக்கையின் பின்புறத்தில் இப்படி எழுதிக் கொடுத்தேன்: 'பிறந்தது முதல் பூச்சு தடவினாலும் கரப்பான் வருவது குறையவில்லை. வந்த பிள்ளைக்குத் தோல் வறளாமல் இருக்கத் தினமும் தடவ வேண்டும். இது ஒட்டாது.'